எண்ணெய்க்கு முன் தண்ணீர்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த நாவலாசிரியர் ஏற்கெனவே அவளுக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டார். காதுக்கு இனிமையான, மூன்று எழுத்துப் பெயர். உண்மைப் பெயரையும் நான் எழுதிவைத்தால் அடுத்த பதிப்பில் அதையும் எடுத்துப் போட்டுக்கொள்வார். எடுத்துக்கொண்டது போதும். விடுதியிலிருந்த நாங்கள் ஏழு பிள்ளைகளும் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நாவலின் பெயரையும் சொல்ல மாட்டேன். ஓசியில் விளம்பரம் எதற்கு? வாசகசாலைகளில் அட்டை கிழியும் வரை கைமாறிய புத்தகம் என்று மட்டும் சொல்கிறேன். விசித்திரமான பிள்ளைகள், அவர்களை வளர்க்கும் அதைவிட விசித்திரமான ஒரு தாதி. படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம், கடைசி அத்தியாயத்தில் அழுதார்களாம். எனக்கு இரண்டும் வரவில்லை. அந்த விசித்திரமான பிள்ளைகளில் ஒருத்தி நான்.

விடுதி ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்களும், வைத்துக்கொள்ள வெட்கப்பட்டவர்களும் கொண்டுவந்து விட்டுப்போன பிள்ளைகள் நாங்கள். எனக்கு இடது கால் மூன்று விரற்கடை குட்டை. யோபுவுக்கு வலிப்பு. தலைமுடியிலிருந்து இமை வரை வெளுத்துப் பிறந்து, பகலில் கண் திறக்க முடியாத அண்ணன் தம்பி இருவர். எஸ்தருக்கு உடம்பெல்லாம் மீன் செதில் மாதிரித் தோல். இன்னும் இரண்டு பேர் நாவலில் இல்லை. சாப்பிடத் தெரியாமல், பேச்சு வராமல் படுத்தே கிடந்த குழந்தைகள் அவர்கள். அவர்களை வைத்துச் சிரிப்பு மூட்ட முடியாது என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்கும்.

நாவலில் சின்னம்மா பாடுகிறாள். அத்தியாயத்துக்கு ஒரு தாலாட்டு. "என் முத்தே, என் ரத்தினமே" என்று எங்களை அணைத்துக்கொள்கிறாள். படிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயிலிருந்து ஒரு முத்தும் உதிர்ந்து நான் கேட்டதில்லை. "ஏய் கழுத, இப்டி வா" என்பாள். எட்டு வயதிலிருந்து தோல் பதனிடும் ஷாப்பில் மயிர் சுரண்டிய கை அவளுடையது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி ஊறி முழங்கை வரை பழுப்பேறிப் போயிருக்கும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் ஷாப்பு வாடை அவளை விட்டுப் போகாது. நாவலில் அவள்மேல் மல்லிகை மணக்கிறது.

முதலில் அவள் எங்கள் துணி துவைக்க வந்தவள்தான். துவைக்க வந்த இடத்தில் யாரோ அழுதால் தூக்கினாள், யாரோ பசித்தால் ஊட்டினாள், அப்படியே தங்கிவிட்டாள். யாரும் அவளை வேலைக்கு வைத்ததாக எனக்கு நினைவில்லை.

அவளுக்குக் கண்மேல் நம்பிக்கை கிடையாது. எதையும் தொட்டுத்தான் முடிவு செய்வாள். ஷாப்பில் தோல் ஊறியது போதுமா என்று மேஸ்திரிக்கே சந்தேகம் வந்தால் இவளைக் கூப்பிட்டு அனுப்புவாராம். "கண்ணு ஏமாத்தும். கை வெச்சிப் பாரு" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வாள். கத்தரிக்காய்க்காரியிடம் சொல்வாள், எங்களிடம் சொல்வாள், விடுதியை நடத்திய சங்கத்தின் காரியதரிசியிடமும் சொல்வாள். ஒரு குளிர்காலத்தில் அவர் எங்களுக்குக் கம்பளி கொண்டுவந்து, சுத்தமான ஆட்டு மயிர் என்று பெருமையாகப் பிரித்துக் காட்டினார். அவள் இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள்.

"பாதி சணலு ஐயா. ஒங்களுக்கு நல்லா தலையில கட்டிட்டான்" என்றாள்.

காரியதரிசி முகம் சுண்டிப்போனது. அந்தச் சுண்டிய முகத்தை அவர் மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

யோபுவின் பிடரியில் தினம் இரண்டு மூன்று தடவை கை வைத்துப் பார்ப்பாள். சில நாள் திடீரென்று, "பாய் போடுங்கடி" என்பாள். பாய் போட்டு, அவனைப் படுக்கவைத்து, பக்கத்திலிருக்கும் செம்பு தட்டு எல்லாவற்றையும் நாங்கள் நகர்த்துவதற்குள் வலிப்பு வந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "நரம்பு முறுக்கிக்குது. நீயும் வெச்சிப் பாரு" என்பாள். நானும் வைத்துப் பார்த்தேன். பல மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் தெரிந்தது. நாவலிலோ யோபு வலிப்பிலிருந்து எழுந்ததும், தொலைந்துபோன சாவி எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறான்! ஊரே வந்து குறி கேட்கிறது. உண்மையில் யோபு எழுந்ததும் துணி நனைந்திருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு அழுவான். அவள் துணியை மாற்றுவாள். அதை எழுதினால் யார் வாங்குவார்கள்?

என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அழுதுகொண்டிருந்த என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. காலைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து குதிகால் வரை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"கோணல் ஒன்னும் இல்ல. குட்டை, அவ்ளோதான்" என்றாள். "குட்டைக்கு இன்னா செய்வாங்க? ஒசத்துவாங்க."

ஷாப்பில் வெட்டி எறிந்த எருமைத்தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கச் சொல்லி, செருப்புத் தைப்பவரிடம் இடது காலுக்கு மட்டும் ஒரு கனத்த செருப்பு செய்வித்தாள். உயரம் சரியா என்று கண்ணை மூடிக்கொண்டு என் இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தாள். இரண்டு தடவை பிரித்துத் தைக்கச் சொன்னாள். அதற்கப்புறம் நான் நேராக நடந்தேன். ஆசிரியர் வந்தபோதும் அவர் எதிரில் நேராகத்தான் நடந்தேன். ஆனாலும் நாவலில் என் பெயர் "வாத்து ராணி". ஆடி ஆடி நடந்து சபையைச் சிரிக்கவைக்கிறேன். நேராக நடக்கும் நொண்டியால் அவருக்கு என்ன பிரயோஜனம்?

எஸ்தர் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. உடம்பு முழுக்கத் தோல் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, மடங்கும் இடங்களிலெல்லாம் ரத்தம் கசிந்தது. விரலை மடக்க முடியாது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்திருந்தார்கள்; நன்றாகத் துடைத்துவிட்டுத் தடவச் சொன்னார்களாம். களிம்பு மேலேயே நின்று ஈ மொய்த்தது.

சின்னம்மா அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் களிம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"காஞ்ச தோலுக்கு எண்ணெ வெச்சா மேலயே நிக்கும். ஊற வெச்சி, ஈரத்தோட வெச்சாதான் உள்ள எறங்கும். இது ஷாப்புல எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் எஸ்தரை உட்காரவைப்பாள். தூக்கி, துடைக்காமல், சொட்டச் சொட்ட அப்படியே புங்க எண்ணெயைத் தடவுவாள். தேய்க்க மாட்டாள், கை வைத்து அழுத்துவாள். சீயக்காய் கிட்டவே வரக்கூடாது. கோடை வந்தால் ஈரத் துணியைச் சுற்றி நிழலில்தான் வைப்பாள். எஸ்தருக்கு வியர்க்காது என்பதையும் அவள் கைதான் கண்டுபிடித்தது. ஓடி விளையாடி வந்த பிள்ளையின் அக்குள் நெருப்பாகக் கொதிக்கிறது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. "இதுக்கு வேர்வ வழி அடச்சிருக்கு. வெயில்ல வுட்டா வெந்துடும்" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். இரண்டு மாதத்தில் எஸ்தர் விரலை மடக்கி ஒரு நெல்லிக்காயைப் பிடித்தாள். தோல் போகவில்லை. போகும் என்று சின்னம்மா ஒருநாளும் சொல்லவும் இல்லை. வலி போனது. அது என்ன சின்ன விஷயமா?

அந்த ஆசிரியர் சென்னையிலிருந்து ரயிலில் வந்தார். காரியதரிசிக்குத் தெரிந்தவர். மூன்று பிற்பகல் வந்தார். நாற்காலி போட்டு, ஆறடி தள்ளி உட்கார்ந்து, நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சின்னம்மா எஸ்தரைத் தொட்டியிலிருந்து தூக்கி எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் எஸ்தரின் கையைப் பிடித்து அவர் பக்கம் நீட்டினாள்.

"கை வெச்சிப் பாருங்க சார்."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பார்த்தாலே போதும் அம்மா" என்றார்.

"போதாது சார்" என்றாள்.

நாவலில் இந்தக் காட்சி நாலு பக்கம். கதாநாயகன் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தடவிக் கண்ணீர் விடுகிறான். அது கிடக்கட்டும், மனிதர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்? நான் மன்னிக்க முடியாதது வேறு. அவர் எழுதிய தாதி, குழந்தைக்கு முதலில் வாசனைத் தைலம் பூசுகிறாள். பிறகு சீயக்காய் போட்டு அலசுகிறாள். பிறகு பூந்துவாலையால் துடைத்து, வெயிலில் உட்காரவைக்கிறாள். குழந்தை பொன் மீனைப் போல மின்னுகிறதாம். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் எண்ணெய் வைத்துத்தானே குளிப்பார்கள்? அவர் வீட்டிலும் சனிக்கிழமை அப்படித்தான் நடந்திருக்கும். கண்ணெதிரே தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு என்று பார்த்த மனிதர், ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டு வழக்கத்தையே எழுதிவிட்டார்.

புத்தகம் வந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் பற்றி அச்சில்! காரியதரிசி ஒரு பிரதி கொடுத்தார். ஏழு பேரில் எழுத்துக் கூட்டாமல் படிக்க வந்தது எனக்குத்தான், ஆகவே நான் உரக்கப் படித்தேன். வாத்து ராணியையும் விடாமல் படித்தேன். எஸ்தர் மட்டும் "நான் எங்க வர்றேன், நான் எங்க வர்றேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொன் மீன் வந்ததும் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அதுவரை அவளை யாரும் எதைப்போலவும் அழகு என்று சொன்னதில்லை. சின்னம்மா உட்பட.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வாத்து எது, மீன் எது, குறி சொல்பவன் எவன் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பழக்கூடை, பழைய துணி எல்லாம் சேர்ந்தன. காரியதரிசிக்கு வாயெல்லாம் பல். சின்னம்மா மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "பாக்க வந்தியா? கைய கழுவு. அந்தக் கொழந்தைக்குக் கஞ்சி ஊட்டு, அப்புறம் பாரு" என்பாள். முக்கால்வாசிப் பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள். ஒருநாள் பெரிய கனவான் ஒருவர், புத்தகத்தில் உள்ளபடி அந்தப் பெண்ணை வெயிலில் உட்காரவைத்துக் காட்டச் சொன்னார்.

"இன்னா சாமி, காயப் போட இது கருவாடா?" என்றாள்.

மறுநாள் அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள். படிப்பில்லாதவள், விருந்தாளிகளிடம் மரியாதை தெரியாதவள் என்று காரணம் சொன்னார்கள். அவள் சண்டை போடவில்லை. எங்கள் ஒவ்வொருவர் மேலும் கை வைத்துப் பார்த்தாள். எஸ்தரிடம் நின்று, என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் நீ பாத்தவ. மாத்த வுடாத" என்றாள். தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பழைய ஷாப்புக்கே போய்விட்டாள்.

புதிதாக ஒரு மேட்ரன் வந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. கெட்டவர் இல்லை. எங்களை அடித்ததில்லை. எஸ்தருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் காரியதரிசியைக் கேட்டிருக்கிறார். அவர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, எல்லாம் இதிலேயே விவரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். வாசனைத் தைலம், சீயக்காய், பூந்துவாலை, வெயில்.

"சின்னம்மா மொதல்ல தண்ணியில ஊற வெப்பாங்கம்மா. அப்புறம்தான் எண்ணெ" என்றேன்.

"அவ படிக்காதவ. இது அச்சுல இருக்கே" என்றார் மேட்ரன்.

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அச்சில்தான் இருந்தது. நல்ல கறுப்பு எழுத்து, தடித்த காகிதம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்று நானே நினைத்தேனோ, அல்லது எதிர்த்துப் பேசினால் என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேனோ, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பத்து நாள் அப்படிச் செய்தார்கள். சீயக்காய் பட்டுப் பட்டுத் தோல் மறுபடி வெடித்தது. எஸ்தர் ராத்திரியெல்லாம் முனகினாள், ஆனாலும் காலையில் தானே போய் மேட்ரன் எதிரில் நின்றாள். பதினோராம் நாள் ஞாயிறு. சித்திரை மாதம். ஆற்று மணலில் கால் வைக்க முடியாது. பார்க்க வந்தவர்களுக்காக முற்றத்தில் நாற்காலி போட்டு எஸ்தரை உட்காரவைத்தார்கள். அவளும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். பக்கத்தில் போன என்னிடம், "பொன் மீனு மாதிரி இருக்கனா அக்கா?" என்று கேட்டாள்.

"இருக்க" என்றேன்.

நடுப்பகலுக்குள் தலை தொங்கிவிட்டது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. ஈரத் துணி, ஈரத் துணி என்று கத்தினேன். கொண்டுவந்து சுற்றினோம். சாயங்காலம் ஜன்னி கண்டது. விடிவதற்குள் போய்விட்டாள். பதினொரு வயது.

விடுதியில் யாரும் புத்தகத்தைக் குற்றம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் நெடுநாள் இருப்பதில்லை என்று காரியதரிசி சொன்னார். பல வருஷம் கழித்து, நான் ராணிப்பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்த பிறகு, ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை எழுதி, அந்த நாலு பக்கத்தையாவது திருத்துங்கள், வேறு யாராவது பார்த்துச் செய்துவிடப்போகிறார்கள் என்று கெஞ்சினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. இது நாவல்தானே அம்மா, வைத்தியப் புத்தகம் இல்லையே என்று எழுதியிருந்தார். வாசகர்களுக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்துவிட்டதாம். குழந்தை இறந்த விவரத்தை விரிவாக எழுதி அனுப்பினால் அடுத்த பதிப்பில் உருக்கமாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டு, அது எரிந்து முடியும் வரை நின்று பார்த்தேன்.

எஸ்தரைப் புதைத்த மறுநாள், நான் ஒருத்தியாக நடந்து சின்னம்மா வேலை செய்த ஷாப்புக்குப் போனேன். அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. ஊறல் குழியின் ஓரத்தில் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு குனிந்திருந்தாள்.

"எஸ்தர் செத்துப்போச்சி சின்னம்மா."

நிமிர்ந்தாள். "எப்டி?"

"வெயில்ல ஒக்கார வெச்சாங்க."

"துணி சுத்தலயா?"

"இல்ல."

"எண்ணெ?"

"காஞ்ச ஒடம்புல வெச்சி, சீக்கா போட்டுத் தேச்சி, தொடச்சி வுட்டாங்க."

"எவ சொன்னா அப்டிச் செய்ய?"

"மேட்ரன் அம்மா. புஸ்தகத்துல அப்டித்தான் போட்டிருக்கு."

அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"தெலுங்கு அம்மா வந்திருக்குன்னாங்களே. அதுக்குத் தமிழ் படிக்க வருமா?"

"வராது."

"அப்ப யாரு படிச்சிச் சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். காரியதரிசி என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"நான்தான் சின்னம்மா" என்றேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் போயிருந்தேன். இருந்த இடத்திலிருந்து அவள் அசையவில்லை.

"ஒனக்குத்தான் தெரியுமேடி" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. குனிந்து அடுத்த தோலை எடுத்தாள். நான் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகத் தைரியம் இல்லை. அந்த ஆசிரியரை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஆனால் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் படித்தேன்.